மவுண்ட் வெர்னன் முதல் மண்டாய் வரை: சிங்கப்பூர் இந்துக்களின் ஈமக் கடனும் அதற்கான இடங்களும்

திருவிழா மலரில் ஈமக் கடனைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மங்கல இசை முழங்கும் நாளில் மயானப் பேச்சு எதற்கு என்று நிர்வாகக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். எனினும் நம் சைவ மரபில் சுடலையை ஆடரங்காகக் கொண்டவரே இறைவன் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விஷயம் ஆலய மலருக்கு அந்நியமானது அன்று என்பது விளங்கும். அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து, "ஐயா, அப்பா தவறிவிட்டார், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று தழுதழுத்த குரலில் கேட்போர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். முன்னாளில் இக்கேள்விக்கு விடை சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ பெரியப்பாவோ இருந்தனர். இன்று அவர்களும் போய்விட்டனர்.

நம் முன்னோர் இத்தீவுக்கு வந்தபோது தத்தம் ஊர் வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். தமிழகச் சிற்றூர்களில் எரிப்போரும் உண்டு, புதைப்போரும் உண்டு. இந்து என்றாலே எரியூட்டல்தான் என்னும் எண்ணம் இங்கு வலுப்பெற்றது பிற்காலத்திலேதான். 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட பிடாடரி இடுகாட்டில் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகியோருக்குப் போலவே இந்துக்களுக்கும் சிங்களவர்க்கும் தனிப் பகுதிகள் இருந்தன. அவ்விடுகாடு 1972-இல் மூடப்பட்டது. 2001-ஆம் ஆண்டு முதல் 2006 வரை அங்கிருந்த கிறிஸ்தவக் கல்லறைகள் ஏறத்தாழ 58,000-மும், முஸ்லிம் கல்லறைகள் ஏறத்தாழ 68,000-மும் தோண்டியெடுக்கப்பட்டன. இன்று அந்நிலத்தில் வீடமைப்புப் பேட்டை எழுந்துள்ளது. வூட்லீ நிலையத்தில் இரயிலிலிருந்து இறங்கி நடக்கும் இளைஞர் பலருக்குத் தாம் மிதிக்கும் மண்ணின் முற்கதை தெரியாது. பழைய கல்லறைக் கற்கள் சில, நினைவுத் தோட்டமொன்றில் காக்கப்பட்டு வருவது ஓரளவு ஆறுதல்.

எரியூட்டலின் பழமைக்குச் சான்றாக நம் மக்கள் அதிகம் அறியாத ஓரிடத்தையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குச் செல்வோர், 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர் பொறித்த பெருஞ்சுவர்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அச்சுவர்களுக்குப் பின்னால் தகன நினைவுச் சின்னம் ஒன்று தனியே நிற்கிறது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படைகளைச் சேர்ந்தவர்கள். கல்லறையில்லாத காரணத்தால் இவர்கள் மறக்கப்பட்டுவிடலாகாது என்று கருதியே அது எழுப்பப்பட்டது. ஆண்டுக்கொரு முறையேனும் நம் ஆலயத் தொண்டர்கள் அங்குச் சென்று ஒரு மலர் வைத்து வரலாம் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்திலிருந்து கூப்பிடு தொலைவிலேயே சாகோ லேன் உள்ளது. மூத்தோர்க்கு அது 'சாவு வீடுகளின்' தெரு. சீனச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள் நெரிசல் மிக்க அறைகளில் உயிர்விட இயலாமல் இறுதி நாள்களைக் கழிக்க வந்து சேர்ந்த இல்லங்கள் அவை. கீழே ஈமக் கூடம், மேலே மரணத்தை எதிர்நோக்கிக் கிடப்போர். 1961-இல் அவ்வில்லங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நம்மவரிடையே அத்தகைய இல்லங்கள் பெருகவில்லை. கம்பத்து வீட்டிலோ தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீட்டு வாசலிலோ பந்தலிட்டு, உறவினர் கூடி, தப்பும் உறுமியும் முழங்க, அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவதே வழக்கம். ஈமக் கூடம் என்று தனியே ஒன்று வேண்டும் என்னும் தேவையே அக்காலத்தில் எழவில்லை.

தேவையை உண்டாக்கியது அடுக்குமாடி வாழ்க்கை. 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளுக்கு நம் மக்கள் குடிபெயர்ந்தபோது, பத்தாம் மாடியிலிருந்து பாடையை எவ்வாறு இறக்குவது என்பது உண்மையிலேயே பெரும் சிக்கலாயிற்று. அதற்கு விடையாக அமைந்தது புளோக்கின் கீழ்த்தளம். ஒரு நாள் சீனத் துக்க வீடு, மறுநாள் மலாய்த் திருமணம், அடுத்த நாள் நம் வீட்டு இழவு என்று ஒரே தளம் எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது. இதனை நம் நாட்டின் தனிச்சிறப்பு என்றே நான் கருதுகிறேன். துக்கம் விசாரிக்க வரும் அயல் இனத்தவர் நம் சடங்கைக் கண்ணாரக் கண்டது அங்கேதான்.

மவுண்ட் வெர்னன் தகனச் சாலை 1962-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அரசு நடத்திய முதல் தகனச் சாலை அதுவே. தொடக்கத்தில் ஒரே ஒரு சடங்கு மண்டபம். வாரத்துக்கு ஏறத்தாழ நான்கு தகனங்கள் மட்டுமே. அக்காலத்தில் இந்நாட்டில் பெரும்பாலோர் புதைக்கும் வழக்கத்தினர் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. நில நெருக்கடி முற்ற முற்ற, இடுகாடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட, தகனம் பெருகியது. இன்று இறப்போரில் ஐவரில் நால்வர் எரியூட்டப்படுகின்றனர்.

என் தந்தையார் 1971-இல் காலமானபோது மவுண்ட் வெர்னனுக்குத்தான் கொண்டு சென்றோம். எனக்கு அப்போது பதினான்கு வயது. வாடகை லோரியில் பெட்டியை ஏற்றி, பின்னால் ஒரு பேருந்தில் ஆண்கள் மட்டும் சென்றோம். அம்மாவின் துயரத்தோடு கோபமும் கலந்திருந்தது. "கட்டையில் வைத்துக் கண்ணெதிரே எரிக்காமல், பெட்டியோடு அடுப்புக்குள் தள்ளுவதா? கொள்ளி எங்கே வைப்பான் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உடன் வந்த பண்டாரம் ஒருவர் பொறுமையாக விடை சொன்னார்: நெய்ப்பந்தம் பிடிப்பதும், வாய்க்கரிசி இடுவதும், நீர்க்குடம் சுமந்து மும்முறை சுற்றி உடைப்பதும் கீழ்த்தளத்திலேயே நடக்கும், கொள்ளிக்குப் பதிலாகப் பிள்ளை பெட்டியின் மீது சந்தனக் கட்டையில் கற்பூரம் ஏற்றி வைப்பான், உள்ளே அக்கினி தன் வேலையைச் செய்வான் என்று. அம்மா சமாதானமடைந்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்தப் பண்டாரம் சொன்ன ஏற்பாடுதான், சிறுசிறு மாற்றங்களோடு, இந்நாட்டு இந்துக்களின் பொது வழக்கமாக இன்றளவும் நிலைத்துவிட்டது. சாத்திரம் இடத்துக்கேற்ப வளையாமல் முறிந்திருந்தால் நாம் சடங்கையே விட்டிருப்போம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மவுண்ட் வெர்னன் ஒன்றே நாடு முழுமைக்கும் பணியாற்றியது. 1982-இல் மண்டாய் தகனச் சாலை திறக்கப்பட்டது. "மண்டாயா? அது காடல்லவா, மிருகக்காட்சிசாலைக்குப் போகும் வழியல்லவா?" என்று அன்று அங்கலாய்த்தோர் பலர். நகரை ஒட்டியிருந்த மவுண்ட் வெர்னனையே மக்கள் விரும்பினர். எனினும் குடியிருப்புகள் சூழ்ந்துவிட்ட இடத்தில் புகைபோக்கி நெடுநாள் நிலைக்க இயலாது. 2004-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியோடு மவுண்ட் வெர்னனில் தகனம் நிறுத்தப்பட்டது. அங்கிருந்த அஸ்தி மாடமும் 2018-இல் மூடப்பட்டது. இவ்வாறு 'மண்டாய்' என்னும் ஊர்ப்பெயரே நம் பேச்சில் தகனத்துக்கு மறுபெயராகிவிட்டது. "எத்தனை மணிக்கு மண்டாய்?" என்று கேட்டால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

மண்டாயின் வசதிகளைச் சற்று விரிவாகக் கூறுதல் பயனுடையது. முதன்முறை செல்வோர் அங்கு நடப்பது விளங்காமல் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஊர்வலம் வந்து சேர்ந்ததும் முன்பதிவு செய்த சடங்கு மண்டபத்தில் பெட்டி வைக்கப்படும். அடுத்த குடும்பம் காத்திருப்பதால் நேரம் அளவானது. ஆகவே வேத மந்திரமோ திருமுறைப் பாராயணமோ எதுவாயினும் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. தேவாரம் ஓதும் அன்பர் ஒருவர் பதிகம் முழுவதையும் பாடியே தீருவேன் என்று நின்றதால், பணியாளர் கைகூப்பி வேண்டிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. அங்குச் சடங்கு முடிந்தபின் குடும்பத்தினர் பார்வைக் கூடத்துக்குச் செல்லவேண்டும். கண்ணாடிக்கு அப்பால், ஓட்டுநரின்றித் தானே நகரும் இயந்திர வண்டியொன்று பெட்டியைச் சுமந்து உலையின் வாயில்வரை கொண்டு செல்லும். சத்தமோ அவசரமோ இல்லை. தோளில் சுமந்து சென்ற தலைமுறைக்கு இது விந்தைதான். அந்தச் சில நிமிடங்களில் கதறாதவர் அரிது.

உலையின் வெப்பம் ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை இருக்கும். முழுவதும் எரிய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இக்காரணத்தால் பெட்டிக்குள் என்ன வைக்கிறோம் என்பதில் கவனம் தேவை. நெய்ப் புட்டி, கண்ணாடிப் பொருள், உலோகச் செம்பு முதலியவற்றை அன்பு மிகுதியால் உள்ளே வைத்துவிடுகின்றனர். அவை உலைக்கும் பணியாளர்க்கும் தீங்கு. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டிருந்தால் ஈமச் சேவையாளரிடம் முன்கூட்டியே தெரிவித்து அகற்றச் செய்தல் வேண்டும். அதிலுள்ள மின்கலம் வெப்பத்தில் வெடிக்கும்.

தகனக் கட்டணம் பெரியவர்க்கு 100 வெள்ளி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 வெள்ளி. தேசிய சுற்றுப்புற வாரியம் நிர்வகிக்கும் இவ்வசதியில் ஏழை, செல்வர் என்ற வேறுபாடில்லை. நம் நாட்டின் முன்னோடித் தலைவர் எஸ். ராஜரத்தினம் அவர்களுக்கு 2006-இலும், முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன் அவர்களுக்கு 2016-இலும் அரசு மரியாதைக்குப்பின் இறுதித் தகனம் நடந்தது மண்டாயிலேதான். 2025-ஆம் ஆண்டில் அதன் அருகிலேயே மண்டாய் வடக்குத் தகனச் சாலையும் திறக்கப்பட்டுள்ளது. மூப்படைந்து வரும் மக்கள்தொகைக்கு இது தவிர்க்கவியலாத ஏற்பாடு.

செலவு மிகுவது தகனத்தில் அன்று. பெட்டி, பதப்படுத்துதல், கூடாரம், நாற்காலி, பூ, வண்டி, பேருந்து, உணவு என்று அதற்கு முன் நடப்பவற்றிலேதான். லவண்டர் ஸ்திரீட்டில் நெடுங்காலமாக விளங்கிய ஈமக் கூடத்தை மூத்தோர் அறிவர். பின்னர் சின் மிங் டிரைவ், தோ பாயோ லோரோங் 8 போன்ற இடங்களில் ஈமச் சேவை நிலையங்கள் ஒருங்கே அமைந்தன. குளிர்சாதன மண்டபம், உறவினர் ஓய்வறை, வாகன நிறுத்துமிடம் எல்லாம் அங்குண்டு. மழை வெயில் தொல்லையில்லை. நகர மன்ற அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. மறுபுறம், கீழ்த்தளத்தில் வைத்தால் அண்டை வீட்டு மூதாட்டி தடியூன்றியேனும் வந்து ஒரு முறை முகம் பார்ப்பார். ஈமக் கூடத்துக்கு அவரால் வர இயலாது. எது சிறந்தது என்று என்னைக் கேட்போரிடம், இறந்தவர் யாரோடு வாழ்ந்தார் என்று திருப்பிக் கேட்பேன்.

ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எனக்கு நெருங்கிய குடும்பமொன்றில் விதவைத் தாயார் தம் கணவரின் இறுதிச் சடங்குக்காக ஒரு சேவையாளரிடம் விலைப்பட்டியல் எதுவும் கேளாமலே ஒப்புக்கொண்டார். பதினாறாம் நாள் கருமாதி முடிவதற்குள் வந்த கணக்கைக் கண்டு அவர் தாலிச்சங்கிலியை அடகு வைக்க நேர்ந்தது. துக்கத்தில் பேரம் பேசுவது அவமரியாதை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். குடும்பத்தில் துயரால் கலங்காத ஒருவரை, மருமகனையோ பக்கத்து வீட்டு நண்பரையோ, இவ்வேலைக்கென ஒதுக்கி, எழுத்து மூலம் விலை பெற்ற பின்னரே தொடங்குவது நலம்.

ஆவண வேலை முன்பைவிட எளிதாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் முதல், மருத்துவர் மரணத்தைச் சான்றளித்தவுடன் அது தானாகவே பதிவாகிறது. இறப்புச் சான்றிதழை மின்னியல் வடிவில் பெறலாம். பழைய நினைவில் இன்றும் சிலர் பத்திரத்தைத் தேடி அலுவலகத்துக்கு ஓடுகின்றனர். அதற்குத் தேவையில்லை.

பெருந்தொற்றுக் காலத்தைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் துக்க வீட்டில் ஒரே வேளையில் பத்துப் பேருக்கு மேல் கூடலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. நோயால் இறந்தோரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. இரட்டை உறையிட்டு விரைவில் தகனம் செய்யப்பட்டனர். குளிப்பாட்டல் இல்லை, கோடி போர்த்துதல் இல்லை, வாய்க்கரிசி இல்லை. ஜோகூர்ப் பாலம் மூடப்பட்டதால், அக்கரையில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த உடன்பிறந்தோர் கைப்பேசித் திரையில் கைகூப்பி அழுதனர். தரைவழி எல்லை 2022 ஏப்ரலில் முழுமையாகத் திறந்தபின், இரண்டாண்டுக்கு முந்திய மரணத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்த குடும்பங்களை நான் நேரில் கண்டேன். ஈராண்டு கழித்துக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

புதைக்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. சுவா சூ காங் ஒன்றே இன்று அடக்கம் நடைபெறும் இடுகாடு. இந்துக்களுக்கும் அங்கு இடமுண்டு. ஆனால் 1998-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி கல்லறையின் காலவரை 15 ஆண்டுகள். அதன்பின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, சமயம் தடுக்காதவிடத்துத் தகனம் செய்யப்படும். குழந்தை இறந்தால் எரிக்கலாகாது என்னும் வழக்கம் உடைய பெற்றோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுக்குப் பின் வரும் கடிதம் பழைய புண்ணைத் திரும்பக் கிளறும்.

எஞ்சியிருப்பது அஸ்தி. மறுநாள் காலை மண்டாயில் அதனைப் பெற்றுக்கொள்ளலாம். நம்மவர் பெரும்பாலும் கடலிலேயே கரைக்கின்றனர். சாங்கிக் கடற்கரையில் பிண்டமிட்டுச் சடங்கு செய்வது பலருக்கும் பழக்கமான காட்சி. சாம்பலைத் தூவுவதற்கென வகுக்கப்பட்ட கடற்பகுதி புலாவ் செமாக்காவிற்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மண்கலயமும் மாலையும் கரையொதுங்கி, நீராட வரும் பிள்ளைகளின் காலில் சிக்குவதைக் கண்டு நான் வெட்கியிருக்கிறேன். சடங்கு முடிந்ததும் அவற்றை அள்ளிக்கொண்டு திரும்புவதும் சடங்கின் ஒரு பகுதியே. கடல் வேண்டாதோர்க்கு அரசு அஸ்தி மாடங்கள் உள்ளன. 2021-இல் சுவா சூ காங்கில் திறக்கப்பட்ட அமைதிப் பூங்காவில் மண்ணில் சாம்பலைத் தூவலாம். மண்டாயிலும் இப்போது அத்தகைய தோட்டம் உண்டு. காசிக்கோ இராமேசுவரத்துக்கோ ஒரு சிறு பங்கை எடுத்துச் செல்லும் குடும்பங்களும் இல்லாமல் இல்லை.

கொள்ளி வைப்பது யார் என்பதைப் பற்றியும் ஒரு சொல். 1971-இல் என் அம்மா மவுண்ட் வெர்னனுக்கு வர அனுமதிக்கப்படவில்லை. பெண்கள் புளோக்கின் வாயிலோடு நின்றுவிட்டனர். அதே அம்மா 2003-இல் மறைந்தபோது மண்டாய்க்குப் புறப்பட்ட பேருந்துகளில் பாதிக்கு மேல் பெண்களே இருந்தனர். நான் நீர்க்குடம் சுமந்தேன். நெய்ப்பந்தம் பிடித்தவர்களில் என் தங்கையின் மகளும் ஒருத்தி. பெரியவர் ஒருவர் தடுக்க எழுந்தார். ஓதுவார் அவரை நோக்கித் தலையசைத்துவிட்டுப் பதிகத்தைத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் அதிகாலையில் அஸ்தி பெறச் சென்றோம். வெண்ணிற எலும்புத் துண்டுகளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். அங்கிருந்த பணியாளர், வயதான சீனர், எந்தத் துண்டு காலுக்குரியது, எது தலைக்குரியது என்று மெல்லக் காட்டி, கால் பகுதியை முதலில் கலயத்தில் இடுமாறும், தலையை இறுதியில் வைக்குமாறும் மலாயில் சொன்னார். நானும் தங்கையும் அவ்வாறே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். முடிந்ததும் அவர் கலயத்தைச் சிவப்புத் துணியால் மூடி, இரு கைகளாலும் எங்களிடம் கொடுத்தார்.